வளர்ப்பு நாய்களும் வலிப்பு நோயும்

மனிதனால் முதன்முதற் பழக்கப்பட்ட விலங்கு நாயே என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. வேட்டைக்குத் துணையாகவும், மந்தைக்குக் காவலாகவும், இல்லத்திற்கு ஏவலாகவும் பல்லாயிரம் ஆண்டுகளாக அவனுடன் வாழ்ந்து வரும் அவ்விலங்கு, அவனுடைய உணவிற் பங்கு பெற்றது போலவே அவனுடைய நோய்களிலும் பங்கு பெற்றுள்ளது. அந்நோய்களுள் ஒன்று வலிப்பு. நேற்றுவரை முற்றத்தில் ஓடி விளையாடிய நாய், ஒருநாள் வைகறையில் யாதொரு காரணமும் புலப்படாமலே நிலத்திற் சாய்கின்றது. கால்கள் விறைக்கின்றன, தலை பின்னோக்கி வளைகின்றது, தாடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, வாயினின்றும் நுரை வழிகின்றது. "விசர் பிடித்துவிட்டது" என்று ஒருவர் கூற, மற்றொருவர் பொல்லை எடுக்கின்றார். இரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கியிருக்கக்கூடிய ஒரு நோய், காண்போரின் அறியாமையினால் ஓர் உயிரின் முடிவாகிவிடுகின்றது. இம்முடிவு தவிர்க்கத்தக்கது. அதற்கு வேண்டுவது இந்நோயின் இயல்பு யாது, அதனைக் கையாளும் முறை யாது என்னும் அறிவேயாகும்.

வலிப்பு நோய் மனிதரிடையே மிகப் பழங்காலந்தொட்டு அறியப்பட்டதொன்று. தமிழில் அதற்குக் காக்கைவலி, முயலகன் முதலிய பெயர்கள் உள. கொல்லிமழவனின் மகளைப் பற்றிய முயலகன் என்னும் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்திற் பதிகம் பாடி நீக்கினார் எனப் பெரியபுராணம் கூறும். வலிப்புற்றவர் கையில் இரும்புத் துண்டைத் திணிக்கும் வழக்கம் இன்றும் முற்றாக அற்றுப்போகவில்லை. சில நிமிடத்தில் வலிப்பு இயல்பாகவே நிற்றலின், இரும்பு அதனை நிறுத்தியதென மக்கள் கருதினர் போலும். யவனரும் இதனைத் தெய்வத்தால் வரும் நோயெனக் கொண்டனர். அக்கொள்கையை மறுத்து, இதுவும் ஏனைய நோய்களைப் போன்று இயற்கைக் காரணத்தாலேயே வருவது, இதன் இருப்பிடம் மூளை என முதலில் வலியுறுத்தியது ஹிப்போக்கிறற்றீஸின் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூலொன்று. தன் கூற்றுக்குச் சான்றாக அந்நூல் காட்டுவது ஒரு விலங்கையே என்பது ஈண்டு நோக்கற்பாலது. இந்நோய் கண்ட வெள்ளாட்டின் தலையைப் பிளந்து பார்ப்பின், மூளை நீர் கொண்டு கிடத்தலைக் காணலாம் என அது கூறுகின்றது. விலங்கைப் பீடித்த நோயைத் தெய்வத்தின் சினமெனக் கூறுதல் எளிதன்று. ஆகவே விலங்கின் நோய் மனிதனின் நோயைத் தெளிவாக்கிற்று.

பின்னர் வந்த ஆராய்ச்சியிலும் விலங்குக்கு, அதுவும் நாய்க்கே, முதலிடம் கிடைத்தது. 1870 ஆம் ஆண்டில் பேர்லின் நகரிலே பிரிற்ச், ஹிற்சிக் என்னும் இருவர் நாயின் மூளைப் புறணியின் ஒரு பகுதியை மென்மையான மின்னோட்டத்தால் தூண்டியபொழுது, உடலின் மறுபக்கத்துக் கால்கள் அசைதலைக் கண்டனர். தூண்டல் மிகுந்த சில வேளைகளில் அந்நாய்களுக்கு வலிப்பும் உண்டாயிற்று. இங்கிலாந்து தேசத்து வைத்திய அறிஞர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் சாம்பல்நிறப் பொருளிலே திடீரென எழும் மிதமிஞ்சிய வெளியேற்றமே வலிப்பு என 1873 ஆம் ஆண்டில் வரையறுத்தார். ஜேர்மனியரான ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929 ஆம் ஆண்டில் வெளியிட்டதன் பின்னர், ஜாக்சனின் கருத்து கண்ணாற் காணத்தக்க உண்மையாயிற்று.

மூளையிலே கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் உள. அவை ஒன்றோடொன்று மின் கணத்தாக்கங்களாலும் இரசாயனப் பொருள்களாலும் தொடர்பு கொள்கின்றன. அண்டைக் கலங்களைத் தூண்டுவன சில, அடக்குவன சில. இவ்விரண்டும் சமநிலையில் நிற்கும்வரை மூளை ஒழுங்காகத் தொழிற்படும். ஒரு பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான மாணவர் தத்தம் பாடத்தைத் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டிருப்பின், அவரவர் கூறுவது அவரவர்க்கு விளங்கும். ஒருவன் ஒரு சொல்லை உரத்துக் கூவ, அடக்குவார் இன்மையின் அனைவரும் அதனையே ஒருங்கு கூவத் தொடங்குவராயின், அம்மண்டபத்தில் வேறெதுவும் நிகழ இயலாது. வலிப்பும் அத்தகையதே. கலங்களின் பெருங் கூட்டமொன்று ஒரே நேரத்தில் ஒரே தாளத்திற் கணத்தாக்கங்களை வெளியேற்றுகின்றது. அக்கிளர்ச்சி மூளையின் ஒரு கூற்றில் மாத்திரம் நிற்பின், முகத்தின் ஒரு பக்கமோ ஒரு காலோ துடிக்கும். இதனைப் பகுதி வலிப்பு எனலாம். மூளையின் இரு பாதிகளிலும் பரவின், நாய் உணர்விழந்து வீழும். இது முழு வலிப்பு.

முழு வலிப்பு மூன்று நிலைகளாக அமைதல் பெரும்பான்மை. முதலில், சில நாய்கள் அமைதியின்றி அலையும். உடையவரை விட்டகலாது ஒட்டிக்கொள்ளும். அல்லது மறைவிடந் தேடும். அடுத்து வருவது வலிப்பே. உடல் சில கணங்கள் விறைத்து நின்று, பின்னர்க் கால்கள் நீந்துவன போல அடித்துக்கொள்ளும். எச்சில் வடிதலும், மலசலம் தன்னை அறியாது வெளியேறுதலும் உண்டு. இந்நிலை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடம்வரை நீடிக்கும். அப்பொழுது நாய்க்கு உணர்வின்மையின், நோவும் இல்லை. காண்போர்க்கே அக்காட்சி கொடிது. மூன்றாவது, தெளிவுறும் நிலை. நாய் தள்ளாடி எழும். கண் தெரியாததுபோலச் சுவரில் முட்டும். மிக்க பசியும் தாகமுங் கொள்ளும். உடையவரையும் அடையாளங் காணாது உறுமுதலுங் கூடும். இது சில நிமிடம் முதல் ஒரு நாளோ இரு நாளோ வரை நீடிக்கலாம். உறக்கத்திலோ ஓய்விலோ இருக்கும்பொழுதே இந்நோய் மிகுதியாகத் தோன்றுகின்றது என்பதும் அறியத்தக்கது.

வீழ்வன யாவும் வலிப்பாகா. இதயக் குற்றத்தால் மயங்கும் நாய், ஓடும்பொழுதோ கிளர்ச்சியுற்றபொழுதோ துவண்டு வீழ்ந்து, ஒரு நிமிடத்திற்குள் குழப்பமேதுமின்றி எழுந்துவிடும். உறக்கத்திற் கனவு கண்டு காலசைக்கும் நாய், பெயர் சொல்லி அழைத்தவுடன் விழித்துக்கொள்ளும். வலிப்புற்ற நாயோ அழைப்புக்குச் செவிகொடாது.

எல்லாவற்றினும் மேலாக வேறுபடுத்தி அறியவேண்டுவது விசர்நாய் நோயையே. இலங்கையில் இந்நோய் இன்னும் முற்றாக ஒழிந்திலது. ஆதலின் நுரைதள்ளிய நாயைக் கண்டவர் அஞ்சுதல் பிழையன்று. ஆயினும் இவ்விரண்டுக்குமிடையே தெளிவான வேறுபாடு உண்டு. வலிப்பு நோய் வந்து போவது. ஒரு தாக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நாய் முன்போல உண்டு, உறங்கி, வாலாட்டித் திரியும். விசர் நோயோ தொடங்கியபின் நாளுக்கு நாள் முற்றுவது. குரல் மாறும், விழுங்க இயலாது, கீழ்த்தாடை தொங்கும், கண்டதையெல்லாம் கடிக்கும், அல்லது கால்கள் திமிர்த்துக் கிடக்கும். நோய்க்குறிகள் தோன்றிய பத்து நாட்களுள் அந்நாய் பெரும்பாலும் இறந்துபடும். அதன் இறுதி நிலையில் வலிப்பும் உண்டாகலாம் ஆகையால், தடுப்பூசி பெறாத நாயோ, உடையவரறியாத தெருநாயோ வலிப்புறுமாயின், அதன் வாயையும் எச்சிலையும் தீண்டாது விலகி நின்று மிருக வைத்தியருக்கு அறிவித்தலே முறை. கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். காலந்தவறாது தடுப்பூசி பெற்ற நாய் வலிப்புறும்பொழுது, அவ்வூசிச் சீட்டே அதன் உயிர்க்காவலாக அமைகின்றது.

வலிப்பு ஒரு நோய்க்குறி; அதன் காரணங்கள் பல. அவற்றை மூவகையாகப் பகுப்பர். முதலாவது, மூளை குற்றமற்றிருக்க, உடலின் பிறிதோரிடத்தில் நேர்ந்த கேட்டினால் வருவது. மிகச் சிறிய குட்டிகள் பட்டினி கிடப்பின் குருதியில் வெல்லம் குறைந்து வலிப்புறும். பாலூட்டும் தாய் நாய்க்குக் கல்சியம் குறைவதால் விறைப்பும் வலிப்பும் உண்டாகும். ஈரல் தன் தொழில் குன்றின் நச்சுப்பொருள் மூளையை எட்டும். தோட்டத்திற்குத் தெளிக்கும் பூச்சிகொல்லிகளும், நத்தையைக் கொல்ல இடும் மருந்தும், பெருந்தொகையாக உண்ட சொக்கிளேற்றும் இவ்வாறே வலிப்பை விளைவிக்கும். இரண்டாவது, மூளையிலேயே உள்ள குறைபாட்டால் வருவது. தலையிற் பட்ட அடி, மூளை அழற்சி, கட்டி என்பன இவ்வகையின. டிஸ்ரெம்பர் என்னும் தொற்றுநோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்பொழுது, தடுப்பூசி பெறாத இளநாய்கள் பல வலிப்புற்று மடிகின்றன. மூன்றாவது, யாதொரு புறக்காரணமுங் காணப்படாது வருவது. முதற் தாக்கம் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையே நிகழ்ந்து, இடைக்காலத்தில் நாய் நலமாகவும், சோதனைகள் குற்றமற்றும் இருப்பின், இம்மூன்றாம் வகையென வைத்தியர் கொள்வர். ஆறு வயதுக்கு மேல் முதன்முதலாக வலிப்பு வருமாயின் கட்டி முதலியவற்றை ஐயுறல் வேண்டும்.

ஒரு தடவை வலிப்பு வந்தமை கொண்டு வலிப்பு நோய் என முடிவு செய்தல் பொருந்தாது. புறக்காரணமின்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில், இரு தடவையேனும் வலிப்பு வரின் அதுவே வலிப்பு நோய் எனச் சர்வதேச மிருக வைத்திய அறிஞர் குழுவொன்று 2015 ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஆயிரம் நாய்களுள் ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு இந்நோயுடையன என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே இஃது அரிய நோயன்று.

இந்நோயிற் பரம்பரைக்குப் பங்குண்டு. அல்சேஷன், லபிறடோர், பீகிள், போடர் கொலி முதலிய சாதிகளில் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. சில சாதிகளில் பிறழ்ந்த பரம்பரையலகே கண்டறியப்பட்டுள்ளது. கம்பி போன்ற மயிருடைய சிறு டாக்ஸ்ஹண்ட் நாய்களில் லபோறா நோய் என்னும் கொடிய வலிப்பை விளைக்கும் பரம்பரையலகு 2005 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மனிதரிலும் அதே பரம்பரையலகின் பிறழ்வு அதே நோயைத் தருகின்றது. இத்தாலிய நாட்டு லகொற்றோ ரொமஞோலோ சாதியிலோ, பிறந்து ஐந்தாறு கிழமையிற் குட்டிகளுக்குத் தோன்றும் வலிப்பு, ஏறக்குறைய நாலு மாத வயதில் மருந்தின்றியே நின்றுவிடும். அதற்குரிய பரம்பரையலகு 2011 ஆம் ஆண்டிற் காணப்பட்டது. ஆயினும் பெரும்பாலான சாதிகளில் இந்நோய் ஒரே பரம்பரையலகால் வருவதன்று. பல சேர்ந்து விளைப்பது. கலப்புச் சாதி நாய்களும் இதற்கு விலக்கல்ல. காரணமறியா வலிப்புடைய நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தாமை உடையவரின் கடமையாகும். அழகிய குட்டிகளை விற்றுப் பெறும் பொருளுக்காக அந்நோயை அயல்வீடுகளுக்கும் பகிர்ந்தளித்தல் அறமன்று.

இனி, வலிப்பு நேரும்பொழுது செய்யத்தக்கன யாவை எனின், அவை சிலவே. முதலாவது, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தல். அச்சம் ஒரு நிமிடத்தைப் பத்து நிமிடமாகக் காட்டும் ஆதலின், இது மிக இன்றியமையாதது. இரண்டாவது, நாயைப் படிக்கட்டு, கிணற்றங்கரை, அடுப்பு, கூரிய பொருள் என்பவற்றினின்றும் அகற்றுதல். அகற்ற இயலாதவிடத்துத் தலையின்கீழ் மெல்லிய துணியை மடித்திடுதல். மூன்றாவது, ஒளியையும் ஓசையையும் குறைத்துப் பிள்ளைகளையும் பிற நாய்களையும் அப்புறப்படுத்துதல். செய்யத்தகாதனவும் உள. வாயினுட் கைவிடலாகாது. நாய் தன் நாவை விழுங்கிவிடும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. அதனை நம்பிக் கைவிட்டவர் விரலையே இழக்க நேரும். நீரையோ மருந்தையோ வாயில் ஊற்றின் அது மூச்சுக்குழலிற் புகும். கால்களைப் பிடித்து அமுக்குதலும் பயனற்றது. வலிப்பு நின்றபின்னும், அறிவு தெளியும்வரை நாயின் முகத்தருகே குனியாதிருத்தல் நன்று.

ஒரு தாக்கம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பினும், அறிவு தெளியுமுன் அடுத்தது தொடங்கினும், அஃது உயிராபத்து. ஓயாது துடிக்கும் தசைகள் பெருவெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. இயல்பாக 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரையுள்ள உடல் வெப்பம் 41 பாகையைக் கடக்குமாயின், மூளையும் ஏனைய உறுப்புக்களும் சேதமுறும். அந்நிலையில் தாமதமின்றி மிருக வைத்தியரை அடைதல் வேண்டும். ஒரே நாளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தாக்கங்கள் வருதலும் உடன் வைத்தியத்துக்குரியதே. இத்தகைய நாய்களின் உடையவருக்கு, மலவாயில் வழியாகச் செலுத்தும் டையசிபாம் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவைக்கும் வைத்தியரும் உளர்.

தாக்கம் நீங்கியபின் உடையவர் செய்யத்தக்க பேருதவி ஒரு குறிப்பேட்டைத் தொடங்குதலே. நாள், நேரம், நீடித்த அளவு, முன்னும் பின்னும் கண்டவை, உண்ட உணவு, கொடுத்த மருந்து ஆகியவற்றை அதிற் குறித்து வருதல் வேண்டும். கைத்தொலைபேசியாற் படமெடுத்தல் இன்னும் சிறந்தது. வைத்தியர் வலிப்பை நேரிற் காண்பது அரிது. நூறு சொல்லால் விளக்க இயலாததை அரை நிமிடப் படம் அவருக்குக் காட்டிவிடும். குருதியையும் சிறுநீரையும் சோதித்தல் முதற்படி. மூளையைப் படம் பிடித்தலும் முண்ணாண் நீரைச் சோதித்தலும் வசதியுள்ள இடங்களில், வேண்டியபொழுது செய்யப்படுவன.

மருந்து எப்பொழுது தொடங்கற்பாலது? ஆறு மாதத்துள் இரு தடவையோ அதற்கு மேலோ வலிப்பு வருதல், தாக்கங்கள் ஓயாது தொடர்தல், ஒரே நாளிற் பலவாதல், தெளிவுறும் நிலை மிகக் கடிதாதல், தாக்கங்கள் வரவர மிகுதல் என்பவற்றுள் ஒன்று காணப்படினும் மருந்து தொடங்குவர். ஆண்டுக்கொருமுறை சிறிதாக வந்து போகும் வலிப்புக்கு மருந்து வேண்டாது விடுதலும் உண்டு.

நாய்க்குக் கொடுக்கும் மருந்துகளுள் முதன்மையானவை இரண்டும், மனித வைத்தியத்திற் பழமை எய்தியவை. பொற்றாசியம் புரோமைட்டு வலிப்பை அடக்கும் என 1857 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் சேர் சார்ள்ஸ் லோகொக் என்பவர். பினோபாபிற்றல் என்னும் மருந்தின் பயனை 1912 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் ஜேர்மன் வைத்தியரான அல்பிரட் ஹௌப்ற்மன். மனிதருக்குப் பயன்படும் வேறு சில மருந்துகள் நாய்க்குப் பயனற்றவை. உதாரணமாக, 1938 ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்த பெனிற்றோயினை நாயின் ஈரல் மிக விரைவில் அழித்துவிடுதலின், அது குருதியில் நிலைத்து நிற்பதில்லை. ஆதலின் வீட்டிலுள்ளார் எவருக்கோ கொடுத்த குளிசையை நாய்க்குக் கொடுத்தல் தகாது.

பினோபாபிற்றல் நாளுக்கிருமுறை, பன்னிரண்டு மணித்தியால இடைவெளியிற் கொடுக்கப்படுவது. குருதியில் அதன் அளவு நிலைபெற ஏறக்குறைய இரண்டு கிழமை செல்லும். தொடக்கத்தில் நாய் தள்ளாடும், மிகுதியாக உறங்கும். இவை பெரும்பாலும் சில கிழமையில் நீங்கும். பசியும் தாகமும் மிகுதல் நீடிக்கலாம். ஈரலே அம்மருந்தைச் சிதைக்கும் உறுப்பாதலின், அவ்வீரலுக்கே சிலவேளை தீங்கு நேர்தலும் உண்டு. ஆகவே தொடங்கிய இரண்டு கிழமையிலும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் குருதியைச் சோதித்தல் அவசியம்.

புரோமைட்டு ஈரலைச் சாராது சிறுநீரகத்தின் வழி வெளியேறுவது. ஈரல் நோயுற்ற நாய்க்கு ஏற்றது. ஆயின் அது மிக மெதுவாகவே வெளியேறுதலின், குருதியில் நிலைபெற மூன்று மாதம் வரை செல்லும். இம்மருந்தைப் பற்றிக் கருத்திலிருத்தவேண்டியதொன்று உப்பு. சிறுநீரகம் குளோரைட்டையும் புரோமைட்டையும் ஏறக்குறைய ஒருபடித்தாகவே கையாள்கின்றது. உணவில் உப்பு மிகின், குளோரைட்டோடு புரோமைட்டும் விரைந்து வெளியேறும், வலிப்பு மீளும். உப்புத் திடீரெனக் குறையின், மருந்து உடலில் மிகுந்து நாய் தள்ளாடும். வீட்டிற் கருவாடு சமைத்த நாளில் அதன் எச்சத்தை நாய்க்கிடும் வழக்கம், புரோமைட்டு உண்ணும் நாய்க்கு இவ்வாறு கேடாய் முடியும். உணவின் உப்பளவு நாள்தோறும் ஒருபடித்தாய் இருத்தல் வேண்டும். கடலிற் குளிக்கும் நாய் உவர்நீரைக் குடித்தலும் விலக்கற்பாலது. புதிய மருந்துகளுள், 2013 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற இமெப்பிற்றோயினும், மனிதருக்கும் வழங்கும் லெவெற்றிறசெற்றமும் குறிப்பிடத்தக்கன.

மருந்தின் பயனைக் கெடுப்பது பெரும்பாலும் மருந்தன்று. அதனைக் கொடுக்கும் முறையே. மூன்று மாதமாக வலிப்பு வராமை கண்டு, நோய் நீங்கியதெனக் கருதி மருந்தை நிறுத்துவோர் பலர். நோய் நீங்கியதன்று, மருந்தால் அடங்கியிருந்தது. மருந்திற் பழகிய மூளைக்கு அது திடீரென இல்லாதொழியின், முன்னையினும் கொடிய, ஓயாத வலிப்பு எழும். குளிசை தீருமுன் அடுத்ததை வாங்கி வைத்தலும், வெளியூர் செல்லும்பொழுது நாயை ஒப்படைக்கப்படுவோர்க்கு வேளையும் அளவும் எழுதிக் கொடுத்தலும் இதனால் இன்றியமையாதனவாகின்றன. குறைத்தலும் நிறுத்தலும் வைத்தியரின் சொற்படி, பல மாதங்களிற் படிப்படியாகச் செய்யத்தக்கன.

உணவைப் பற்றியும் ஆராய்ச்சி நிகழ்கின்றது. நடுத்தர நீளச் சங்கிலியுடைய கொழுப்புக்கள் சேர்ந்த உணவு சில நாய்களில் தாக்கங்களைக் குறைத்தமை 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றாற் புலனாயிற்று. இக்கொழுப்புக்கள் தேங்காயெண்ணெயிலும் உள. எனினும் அளவறியாது எண்ணெயை ஊட்டுதல் வயிற்றுப்போக்குக்கும் கணைய அழற்சிக்கும் வழிகோலும். அவ்வுணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

வைத்தியத்தின் நோக்கம் யாதென்பதை உடையவர் தொடக்கத்திலேயே தெளிதல் வேண்டும். இந்நோயை வேருடன் களைதல் பெரும்பாலும் இயலாது. தாக்கங்களின் தொகையையும் கடுமையையும் குறைத்து, இடைவெளியை நீட்டுதலே எய்தத்தக்க பயன். பெரும்பாலான நாய்கள் மருந்தால் நன்மை பெறுகின்றன. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கொடுத்தும் முற்றாக அடங்குவதில்லை. அவ்வாறு அடங்காத நோயினால் நாயின் வாழ்வே துன்பமாய் மாறியவிடத்து, நோவின்றி அதன் உயிரை முடித்தல் பற்றி வைத்தியரோடு ஆராய்தல் கொடுமையன்று. ஆயின் அம்முடிவு, இயன்றன யாவுஞ் செய்தபின், அமைதியாக எடுக்கத்தக்கது. முதல் வலிப்பைக் கண்ட அச்சத்தில், முற்றத்திற் கூடியவரின் கூச்சலுக்கிடையே எடுக்கத்தக்கதன்று.

தனக்கு நேர்ந்தது யாதென நாய் அறியாது. அதனை எடுத்துரைக்கவும் இயலாது. விழித்தெழுந்து, தள்ளாடி, முதலில் அது தேடுவது தன் உடையவரின் குரலையே. அவ்வேளையில் பொல்லை எடுக்குங் கை கடிகாரத்தை எடுக்குமாயின், வலிப்புற்ற நாய்கள் பல தத்தம் முற்றங்களிலேயே இன்னும் பல்லாண்டு காவலிருக்கும்.